பந்தியில் நாலாவது ஆள்

1

காந்தி லண்டனில் சட்டம் படித்தார் என்று பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். சட்டம் சாப்பிட்டார் என்று சொல்லியிருந்தால் இன்னும் பொருத்தமாக இருந்திருக்கும். 1888 நவம்பரில் இன்னர் டெம்பிளில் சேர்ந்த அவர் 1891 ஜூன் 10 அன்று பாரிஸ்டராக அறிவிக்கப்பட்டார். இடையில் தேர்வுகள் உண்டு. அவற்றோடு இன்னொரு நிபந்தனையும் உண்டு. மொத்தம் பன்னிரண்டு பருவங்கள். பருவத்துக்குச் சுமார் இருபத்து நாலு இரவு விருந்துகள். அவற்றில் குறைந்தது ஆறில் மாணவன் உட்கார்ந்து எழுந்திருக்க வேண்டும். கணக்குப் போட்டால் எழுபத்திரண்டு விருந்து வருகிறது. 'சத்திய சோதனை'யில் காந்தியே இதை விளக்குகிறார்: சாப்பிடுவது என்றால் தின்றே தீர வேண்டும் என்பதல்ல, குறித்த நேரத்துக்கு வந்து பந்தி முடியும்வரை இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு விருந்துக்கு இரண்டரையிலிருந்து மூன்றரை ஷில்லிங். அன்றைய கணக்கில் இரண்டு மூன்று ரூபாய். ரொட்டி, அவித்த உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு தவிர அவர் தொடக்கூடியது அங்கே எதுவுமில்லை.

ஆனாலும் அந்தப் பந்தியில் காந்திக்குக் கிராக்கி இருந்தது. நாலு பேர் கொண்ட ஒவ்வொரு குழுவுக்கும் இரண்டு பாட்டில் ஒயின் ஒதுக்கப்படும். காந்தி ஒயினைத் தொடமாட்டார். அவரை நாலாவது ஆளாகச் சேர்த்துக்கொண்டால் மற்ற மூன்று பேருக்கும் இரண்டு பாட்டில். ஆகவே எல்லோரும் அவரைத் தம் குழுவுக்கு இழுத்திருக்கிறார்கள். காந்தி இதை ஒரு சிரிப்போடு சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். நாம் அப்படிப் போக முடியாது என்று எனக்குப் படுகிறது. வெளிநாட்டில் போய் வாழ்கிறவன் அந்த நாட்டுக்காரர்களோடு பந்தியில் உட்கார்ந்து சிநேகம் பிடிக்கிறான் என்ற இந்த எளிய நிகழ்வைப் பற்றி நாம் யோசிக்க வேண்டிய எல்லாமே அந்த நாலாவது நாற்காலியில் இருக்கிறது.

2

லெவி-ஸ்ட்ராஸ் 1949இல் வெளியிட்ட உறவுமுறைகள் பற்றிய பெருநூலில் ஒரு சிறிய காட்சி வருகிறது. தென் பிரான்சின் மலிவான உணவு விடுதி. ஒருவரையொருவர் அறியாத இரண்டு பேர் ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார நேர்கிறது. ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு சின்ன பாட்டில் ஒயின். ஒருவர் தன் பாட்டிலை எடுத்துத் தன் கோப்பையில் ஊற்றிக்கொள்வதில்லை, எதிராளியின் கோப்பையில் ஊற்றுகிறார். உடனே அவரும் அப்படியே செய்கிறார். அளவு ஒன்றுதான், சரக்கும் ஒன்றுதான். யாருக்கும் லாபமில்லை, நட்டமில்லை. ஆனால் ஊற்றுவதற்கு முன் இருந்த மௌனம் இப்போது இல்லை. பேச்சு தொடங்கிவிட்டது. சமூகம் என்பதே இந்த இடத்தில்தான் பிறக்கிறது என்பது அவர் வாதம்.

தமிழில் இதைச் சொல்வதற்கு மெனக்கெடவே தேவையில்லை. பரிமாறுதல் என்ற ஒரே வினை நம்மிடம் இலையில் வைப்பதையும் குறிக்கிறது, கொடுத்து வாங்குவதையும் குறிக்கிறது. சோறு பரிமாறலாம், கருத்துப் பரிமாறலாம். மொழி ஏற்கெனவே செய்துவைத்திருக்கிற கோட்பாட்டு வேலை இது.

இப்போது இன்னர் டெம்பிளின் மேஜையை இந்த மேஜைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுப் பாருங்கள். இங்கே பரிமாற்றம் சமமானதல்ல. நாலாவது ஆள் எதையும் ஊற்றுவதில்லை, எதையும் பெறுவதுமில்லை. அவன் தன் பங்கை எடுத்துக்கொள்ளாமல் இருப்பதுதான் அவனுடைய பங்களிப்பு. அவன் விரும்பப்படுவது அவன் விட்டுவைக்கிற பாகத்துக்காக. வந்தேறிக்கும் வந்த நாட்டுக்குமான உறவின் பொருளாதாரம் முழுவதையும் இதைவிடச் சுருக்கமாக எழுதிவிட முடியுமா, எனக்குத் தெரியவில்லை. உழைப்பைக் கொடு, உரிமையைக் கேட்காதே. மேஜையில் இரு, பாட்டிலைத் தொடாதே. "ரொம்பத் தங்கமான பையன்" என்ற சான்றிதழ் இப்படிப்பட்ட நாலாவது ஆட்களுக்குத்தான் எப்போதும் கிடைக்கிறது. அந்தப் பந்தியிலும் முதலில் இடமே கிடைக்காதவர்கள் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1919இல் சட்டம் வரும்வரை பெண்களுக்கு அந்த மன்றங்களில் நாற்காலி இல்லை. உருளைக்கிழங்கை அவித்தவர்களும் தட்டுக் கழுவியவர்களும் காந்தியின் கதையாடலில்கூட வரவில்லை.

3

சரி, காந்திக்கு லண்டனில் உண்மையான நண்பர்களே கிடைக்கவில்லையா? கிடைத்தார்கள். வேறொரு மேஜையில்.

பசியோடு தெருத்தெருவாக அலைந்தவர் ஃபாரிங்டன் தெருவில் ஒரு சைவ உணவு விடுதியைக் கண்டுபிடிக்கிறார். வாசலில் விற்பனைக்கு வைத்திருந்த ஹென்றி சால்ட்டின் சைவ உணவு பற்றிய சிறு நூலை ஒரு ஷில்லிங்குக்கு வாங்கிக்கொண்டு உள்ளே போகிறார். இங்கிலாந்து வந்தபின் வயிறார உண்ட முதல் சாப்பாடு அது என்று எழுதுகிறார். அதன்பின் சைவ உணவுச் சங்கம், அதன் செயற்குழு, ஜோசையா ஓல்ட்ஃபீல்டின் நட்பு, பேஸ்வாட்டரில் தானே தொடங்கிய சிறு சங்கம். அதில் ஓல்ட்ஃபீல்ட் தலைவர், எட்வின் ஆர்னால்ட் துணைத்தலைவர், காந்தி செயலாளர். வெட்கப்பட்டு வாய் திறக்காத ஒரு பையனுக்கு வெள்ளைக்காரர்களோடு சரிசமமாக உட்கார்ந்து விவாதிக்கிற ஒரு வெளி கிடைத்தது.

லீலா காந்தி 2006இல் வெளியான 'அஃபெக்டிவ் கம்யூனிட்டீஸ்' என்ற நூலில் இந்த நட்புகளைக் காலனிய எதிர்ப்பின் ஒரு வடிவமாக வாசிக்கிறார். பேரரசின் மையத்திலேயே அந்தப் பேரரசின் பெருவழக்குகளோடு ஒத்துப்போகாத சிறுபான்மையினர் இருந்தார்கள், விலங்குவதையை மறுத்தவர்கள், சோசலிசம் பேசியவர்கள். அவர்களும் காலனி நாட்டவரும் மேஜையில் சந்தித்தபோது தேசம், இனம் என்ற எல்லைகளைத் தாண்டிய ஓர் அரசியல் சாத்தியமானது. இந்த வாசிப்பு எனக்குப் பிடித்தமானது. மாட்டிறைச்சியை ஆண்மையின் அடையாளமாக ஆக்கிவைத்திருந்த ஒரு சமூகத்தில் சால்ட்டின் மறுப்பு கலகம்தான், ஐயமில்லை.

ஆனால் அதே தட்டைக் கப்பலில் ஏற்றி இந்தப் பக்கம் கொண்டுவந்து இறக்கினால் என்ன ஆகிறது? அங்கே கலகமாக இருந்தது இங்கே காவல். லண்டனில் சைவம் என்பது ஆதிக்கத்திலிருந்து விலகியவர்களின் குறி. இங்கே அது யார் வீட்டில் யார் கைநனைக்கலாம் என்று தீர்மானிக்கிற குறி. சால்ட்டைப் படித்தபின் தான் விருப்பத்தாலேயே சைவனானதாகக் காந்தி சொல்கிறார். அதாவது தாயிடம் செய்த சத்தியம், சாதி ஆசாரம் என்பவை லண்டனில் 'தெரிவு' என்ற நவீனச் சொல்லாக மொழிபெயர்க்கப்படுகின்றன. மொழிபெயர்ப்பில் சாதி கரைந்துபோனதா, அல்லது புதுச்சட்டை போட்டுக்கொண்டதா என்பதுதான் என் கேள்வி.

இதற்கான விடை அவர் வாழ்க்கையிலேயே இரண்டு விருந்துகளாக இருக்கிறது. கப்பலேறும் முன் பம்பாயில் மோத் பனியா சாதிக்கூட்டம் கூடி அவரைச் சாதி விலக்கம் செய்தது. அவருக்கு உதவுகிறவனுக்கும் துறைமுகத்துக்குப் போய் வழியனுப்புகிறவனுக்கும் ஒரு ரூபாய் நாலணா அபராதம். 1891 ஜூனில் லண்டனை விட்டுக் கிளம்பும்போது ஹோல்பர்ன் உணவு விடுதியில் தன் சைவ நண்பர்களுக்கு அவர் ஒரு விருந்து கொடுக்கிறார். எழுந்து பேச முயன்று தடுமாறி உட்கார்ந்துவிடுகிறார். பிரிவின் கூச்சமும் அன்பும் கலந்த விருந்து அது. ஊர் திரும்பியதும் அண்ணன் அவரை நாசிக்குக்கு அழைத்துப்போய் ஆற்றில் முழுக்காட்டி, ராஜ்கோட்டில் சாதிக்காரர்களுக்கு விருந்து வைக்கிறார். தனக்கு இதில் விருப்பமில்லை என்று காந்தி எழுதுகிறார். ஆனாலும் உட்பட்டார். முதல் விருந்து அந்நியர்களை நண்பர்களாக்கிய கணக்கை முடித்துவைத்தது. இரண்டாவது விருந்து அந்தக் கணக்கைக் கழுவியது. அவரை ஏற்காத சாதிப்பிரிவின் விதியை மதித்து, மாமனார் மாமியார் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்ததாகவும் அவரே சொல்கிறார். ஹோல்பர்ன் மேஜை கடல் தாண்டி வரவில்லை.

4

அம்பேத்கரும் அந்த விருந்து விதிக்கு உட்பட்டவர்தான் என்பதை நாம் பெரும்பாலும் நினைப்பதில்லை. 1916இல் கிரேஸ் இன்னில் சேர்ந்து, படிப்பு இடையில் முறிந்து, திரும்பப் போய் 1922இல் பாரிஸ்டரானார். இந்த ஒப்புமையைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். லண்டனில், சேர்ந்து உட்கார்ந்து உண்ணாவிட்டால் நீ வழக்கறிஞனாக முடியாது. இந்தியாவில், சேர்ந்து உட்கார்ந்து உண்டால் நீ சாதிக்காரனாக இருக்க முடியாது. இரண்டு இடத்திலும் பந்திதான் சட்டம். ஒரு மகர் இளைஞன் எந்தத் தகுதிக்கு எந்தப் பந்தியிலிருந்து விலக்கப்பட்டிருந்தானோ, அதே பந்தியில் உட்காருவது கடல் தாண்டியதும் கட்டாயத் தகுதியாகிவிடுகிறது.

அதற்கு முன்னால் 1913இலிருந்து நியூயார்க்கில், கொலம்பியாவில். அங்கே மாணவர் விடுதியில் நாவல் பதேனா என்ற பார்சி மாணவரோடு சேர்ந்து தங்குகிறார். அந்த நட்பு வாழ்நாள் முழுவதும் நீடித்தது. மீண்டும் லண்டன் போகக் கையில் காசில்லாதபோது கடன் கொடுத்து உதவியவர்களில் பதேனா ஒருவர். ஆக, வெளிநாட்டு அறையில் ஒரு மகரும் ஒரு பார்சியும் நண்பர்களாவது நடந்திருக்கிறது.

அதே அம்பேத்கர் 1917இல் பரோடா அரசுப் பணிக்குப் போய் இறங்குகிறார். எங்கே தங்குவது? அவருடைய 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற தன்வரலாற்றுக் குறிப்பில் இது வருகிறது. மேலைநாடுகளில் வாழ்ந்த ஆண்டுகள் தான் தீண்டத்தகாதவன் என்ற உணர்வையே தன் மனதிலிருந்து துடைத்துவிட்டிருந்தன என்கிறார். ரயில் நிலையத்தில் அது திரும்பி வருகிறது. ஒரு பார்சி விடுதியில், பதிவேட்டில் பார்சிப் பெயரை எழுதிக்கொண்டு, மங்கல் லாந்தர் வெளிச்சத்தில், பாழடைந்த கூடத்தில் தனியாகத் தங்குகிறார். பதினோராம் நாள் தடியோடு வந்த பார்சிகள் பன்னிரண்டு பேர் அவரை வெளியேற்றுகிறார்கள். ஒரு இந்து நண்பரிடம் கேட்கிறார். நீ வந்தால் என் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்கிறார் அவர். பிராமணராக இருந்து கிறித்தவரான ஒரு நண்பரிடம் கேட்கிறார். மனைவியைக் கேட்டுச் சொல்கிறேன் என்கிறார் இவர். அது நாசூக்கான மறுப்பு என்று அம்பேத்கர் புரிந்துகொள்கிறார். காமாட்டி பாக் பூங்காவில் ரயில் நேரம்வரை உட்கார்ந்திருக்கிறார்.

பதேனாவும் பார்சி, தடியோடு வந்தவர்களும் பார்சி. இதைச் 'சில பேர் நல்லவர், சில பேர் கெட்டவர்' என்று முடித்துவிடுவது சோம்பேறித்தனம். நட்பு தனி ஆளுக்குள் நடக்கிறது. பந்தி அமைப்புக்குள் நடக்கிறது. வெளிநாட்டில் நாம் அமைப்பிலிருந்து கொஞ்ச காலம் கழன்று நிற்கிறோம், அதனால் தனி ஆளாகத் தெரிகிறோம். நாமே மாறிவிட்டோம் என்று நினைத்துக்கொள்கிறோம். மாறியது இடம்தான்.

இந்த அனுபவம் இருந்ததால்தான் 1936இல், ஆற்றமுடியாமல் போன 'சாதி ஒழிப்பு' உரையில், அவரால் அத்தனை நிதானமாகச் சொல்ல முடிந்தது: சேர்ந்து உண்ண அனுமதிக்கிற சாதிகள் பல உண்டு, அதனால் சாதி உணர்வு செத்துவிடவில்லை, கலப்பு மணமே உண்மையான மருந்து. சமபந்தி போஜனப் புகைப்படங்களில் மயங்குகிற நம் முற்போக்குகளுக்கு இன்றும் இது உறைக்கவில்லை.

5

நம்மூர்க் கதை ஒன்றும் இதில் சேர்கிறது. வ.வே.சு. ஐயர் 1907இல் பாரிஸ்டர் படிப்புக்காக லண்டன் போனவர். லிங்கன்ஸ் இன் மாணவர். இந்தியா ஹவுசில் சாவர்க்கர் முதலானோரோடு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தவர். பல மாகாணத்தவர் ஒரே பந்தியில் கூடிய காலம் அது. 1909 அக்டோபரில் லண்டன் இந்தியர்களின் விஜயதசமி விருந்துக்குக் காந்தியே தலைமை தாங்கினார், சாவர்க்கர் பேசினார். அப்படிப்பட்ட ஒரு மேஜைச் சூழலிலிருந்து தப்பி 1910இல் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்த புரட்சிக்காரர் ஐயர்.

அவரே 1922இல் சேரன்மாதேவியில் தொடங்கிய குருகுலத்தில்தான் பிராமணச் சிறுவர்களுக்குத் தனிப்பந்தி நடந்தது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கொதித்தெழுந்தார்கள். தமிழ்நாடு காங்கிரசின் பணமும் அந்தக் குருகுலத்துக்குப் போயிருந்தது. 1925இல் பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறியதற்கான காரணங்களின் பின்னணியில் இந்த இலைத்தகராறும் இருக்கிறது. ஐயரை வில்லனாக்குவது என் நோக்கமல்ல. பெற்றோர் கேட்டுக்கொண்டார்கள், அவர் இடம்கொடுத்தார். அந்த 'இடம்கொடுத்தல்'தான் விஷயமே. லண்டனில் எல்லோரோடும் உண்டவர்க்கு ஊரில் இரண்டு சிறுவர்களின் இலையை இன்னொரு வரிசைக்கு நகர்த்த முடியவில்லை. அங்கே துணிச்சல் தேவைப்படவில்லை. இங்கே தேவைப்பட்டது.

6

இதையெல்லாம் எழுதுகிற நான் யார் என்று சொல்லாமல் போனால் இது இன்னொரு தீர்ப்புக் கட்டுரையாகிவிடும். 2017இல் ஏழு மாதம் லண்டனில் இருந்தேன். பழைய தமிழ் அச்சு நூல்களைப் பட்டியலிடுகிற ஒரு தற்காலிக வேலை. ஈஸ்ட் ஹாம் பக்கம் ஒரு பகிர்வு வீடு. சமையலறை பொது. குளிர்பெட்டியில் ஆளுக்கு ஒரு தட்டு.

போன மூன்றாம் வாரம் ஒரு தமிழ்க் குடும்பம் அறிமுகமானது. நல்ல மனுஷர்கள். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வாங்க என்றார்கள். போனேன். இலை போடுவதற்கு முன்னால் அந்த அக்கா கேட்டார்: "நாங்க சுத்த சைவம். தம்பி எப்படி?" சாதாரணக் கேள்விதான். உப்பு போதுமா என்று கேட்பது போலத்தான் கேட்டார். ஆனால் இந்த ஊரில் பிறந்த எவனுக்கும் அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது, எங்கே போகும் என்று தெரியும். "நானும் சைவந்தாங்க்கா" என்றேன். என் ஆச்சி நாற்பது வருஷம் சந்தையில் கருவாடு விற்றவள். அந்தக் காசில்தான் நான் எம்.ஏ. தமிழ் படித்தேன்.

அம்பேத்கர் பதிவேட்டில் எழுதிய பொய்ப்பெயரோடு இதை ஒப்பிடுவது அபத்தம். அவரை அமைப்பு வேறு வழியில்லாமல் அந்தப் பக்கத்துக்குத் தள்ளியது. என்னை யாரும் தடியோடு துரத்தவில்லை. ஒரு நல்ல சாம்பாருக்காகவும், தமிழில் நாலு வார்த்தை பேசுவதற்காகவும், குளிர்காலத்து ஞாயிறுகளின் தனிமைக்குப் பயந்தும் சொன்னேன். அதன்பின் ஞாயிறுதோறும் போனேன். அவர்கள் பையன் என்னை மாமா என்று கூப்பிட்டான். ஒவ்வொரு வாரமும் உண்மையைச் சொல்வது இன்னும் கஷ்டமாகிக்கொண்டே போனது. செஞ்சோற்றுக் கடன் என்று நாம் பெருமையாகச் சொல்வது இதைத்தான் என்று அப்போது விளங்கியது. சோறு வாயை நிரப்புவது மட்டுமில்லை, அடைக்கவும் செய்யும். அவர்கள் பந்தியில் நானும் ஒரு நாலாவது ஆள்தான். என்னில் ஒரு பாகத்தை எடுத்துக்கொள்ளாமல் விட்டதால் விரும்பப்பட்டவன்.

பகிர்வு வீட்டில் நடந்தது வேறு. கருவாட்டு ஆசை தாங்காமல் ஒரு நாள், எல்லோரும் வேலைக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்து, வாங்கிவந்து வறுத்தேன். மாடியிலிருந்து ஒரு நைஜீரியப் பெண் இறங்கி வந்தார். முதியோர் இல்லத்தில் இரவுப் பணி, பகலில் தூங்குகிறவர். தூக்கத்தைக் கெடுத்துவிட்டேன், வாசனைக்குச் சண்டை போடப்போகிறார் என்று நின்றேன். அவர் சட்டியை எட்டிப் பார்த்தார். தன் பெட்டியைத் திறந்து மரக்கட்டை போலக் காய்ந்த ஒரு மீனை எடுத்துக் காட்டினார். நார்வேக் கடலில் பிடித்துக் காயவைத்து அவர்கள் ஊருக்குப் போகிற மீன். 'ஸ்டாக்ஃபிஷ்' என்றார். அதைச் சமைக்கும்போது இந்த வீட்டில் இதுவரை ஜன்னல்களைத் திறந்துவைத்துக்கொண்டுதான் சமைத்தேன், நீ வந்தது நல்லதாயிற்று என்றார். அன்று இரண்டு பேரும் ஜன்னலைச் சாத்திவிட்டுச் சாப்பிட்டோம்.

இதைக் காட்டி வர்க்க ஒற்றுமை, கறுப்பு உழைப்பாளர் தோழமை என்றெல்லாம் நான் பெருங்கதையாடல் கட்டப்போவதில்லை. அவருக்கும் எனக்கும் நடுவில் அவருடைய ஊரின் பிரிவினைகளும் என்னுடைய ஊரின் பிரிவினைகளும் வேலை செய்யவில்லை, அவ்வளவுதான். செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. நான் சொல்ல விரும்புவது சிறியது: ஒரு மேஜையில் நான் மறைத்ததால் உட்கார முடிந்தது. இன்னொன்றில் மறைக்க முடியாமல்போனதால் உட்கார முடிந்தது.

7

விருந்து என்ற சொல்லுக்குத் தமிழில் முதல் பொருள் சாப்பாடு அல்ல. புதுமை. தொல்காப்பியச் செய்யுளியல் எண்வகை வனப்பில் ஒன்றாக விருந்தைச் சொல்லும்போது புதிதாகச் செய்யப்படும் நூல்வகையைத்தான் குறிக்கிறது. குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகரும் புதுமை என்ற பொருளே ஆகுபெயராய்ப் புதியவர்க்கு ஆயிற்று என்கிறார். முன்பே அறிந்து வருபவர், அறியாது வருபவர் என்று இரண்டு வகைப்படுத்துகிறார். லத்தீனில் விருந்தாளியும் பகைவனும் ஒரே வேர்ச்சொல்லில் கிடப்பதை வைத்து தெரிதா 1990களில் தன் விருந்தோம்பல் பற்றிய சிந்தனையைக் கட்டினார். நம் சொல்லில் பகை இல்லை, புதுமை இருக்கிறது. அதற்காக மார்தட்டிக்கொள்ள வேண்டாம். சொல்லில் புதுமையை வைத்துவிட்டு இலையில் அதைத் தடுத்தவர்கள் நாம். புதியவன் வந்தால் முதல் வேலையாக அவன் எவ்வளவு பழையவன் என்றுதானே விசாரிக்கிறோம். எந்த ஊர், எந்தத் தெரு, என்ன சாப்பிடுவீங்க.

அந்தக் குடும்பத்தோடு இன்றும் தொடர்பு இருக்கிறது. மாதம் ஒரு முறை பேசுவார்கள். அந்தப் பையன் இப்போது என்னைவிட உயரம். அடுத்த கோடையில் ஊருக்கு வருகிறார்கள், எங்கள் வீட்டுக்கும் வந்து ஒரு வேளை சாப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். அன்றைக்கு என்ன குழம்பு வைக்கட்டும் என்று இப்போதே கேட்கிறாள். அவளிடம் இன்னும் நான் பதில் சொல்லவில்லை.